ஆலையில் மிஞ்சிய கரும்பாகு



நம் சமையலறைக்குப் புதிதாக வந்துள்ள ஒரு பொருளைப் பற்றி இன்று பேசலாம். கடைகளில் தேன் போத்தல்களுக்குப் பக்கத்தில் கறுப்பாகவும் கெட்டியாகவும் ஒரு பாகு விற்கிறார்கள். அதன் பெயர் மொலாசஸ். கரும்பிலிருந்து வருவது, கரிய நிறமுடையது என்ற இரு பொருளும் விளங்க, நாம் அதைக் கரும்பாகு என்று சொல்லலாம்.

விடுமுறை நாளில் கரியடுப்பு மூட்டிக் கோழி வாட்டும் நம் பிள்ளைகள், "பார்பிக்யூ சாஸை வீட்டிலேயே செய்யலாம், அதற்கு மொலாசஸ் வேண்டும்" என்கிறார்கள். கடைக்குப் போனால் ஒன்றுக்கு மூன்று வகை இருக்கிறது. ஒன்று இளநிறப் பாகு, மற்றொன்று கருநிறப் பாகு, மூன்றாவது 'பிளாக்ஸ்ட்ராப்' என்னும் தார்போன்ற பாகு. இவற்றில் எதை வாங்குவது? கறுப்பாக இருப்பதே அசல் என்பார் ஒருவர். சத்து மிகுந்ததை வாங்கு என்பார் இன்னொருவர். எல்லாம் ஒன்றுதான், விலை குறைந்ததை எடு என்பார் வேறொருவர்.

இந்தச் சிறிய கேள்விக்கு விடை தேடினால், அது நம்மை ஒரு பெரிய வரலாற்றுக்கு அழைத்துச் செல்கிறது. தோட்டத்தில் பாடுபட்ட குடும்பங்களில் பிறந்த நமக்கு அந்த வரலாறு அந்நியமானதன்று.

முதலில், மொலாசஸ் என்றால் என்ன? வெல்லம் காய்ச்சும் முறையை நம் பெரியவர்கள் அறிவார்கள். கரும்பைப் பிழிந்து, சாற்றை அகன்ற கொப்பரையில் ஊற்றி, மேலே மிதக்கும் அழுக்கை அள்ளிவிட்டுக் காய்ச்சுவார்கள். பதம் வந்ததும் அச்சில் ஊற்றுவார்கள். சாற்றிலிருந்த இனிப்பு, நிறம், மணம், உப்புச்சத்து எல்லாம் அந்த ஒரே கட்டிக்குள் தங்கிவிடும். அங்கே எதையும் பிரித்தெடுப்பதில்லை.

சீனி செய்வது வேறு வழி. காய்ச்சிய பாகு ஆறும்போது அதில் மணிமணியாகப் படிகம் கட்டும். அந்தப் படிகத்தைத் தனியே பிரித்தெடுத்தால் அது சீனி. படிகமாகாமல் ஒழுகி நிற்கும் கரிய பாகுதான் மொலாசஸ். தேன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து போர்த்துகீசியர் இதற்கு 'மெலாசோ' என்று பெயர் வைத்தனர்.

ஒழுகிய பாகில் இன்னும் இனிப்பு இருக்கும். ஆகவே ஆலைக்காரர் அதை மறுபடியும் காய்ச்சி, மறுபடியும் சீனி எடுப்பார். பிறகு மூன்றாம் முறையும் காய்ச்சுவார். முதல் காய்ச்சலில் மிஞ்சுவது இளநிறப் பாகு. இனிப்பு மிகுதி, மணம் மெல்லியது. இரண்டாம் காய்ச்சலில் மிஞ்சுவது கருநிறப் பாகு. இனிப்புச் சற்றுக் குறைந்து மணமும் கெட்டியும் கூடியிருக்கும். மூன்றாவதில் மிஞ்சுவது பிளாக்ஸ்ட்ராப். எடுக்கக்கூடிய சீனியை எடுத்துவிட்டபின் நிற்கும் பாகு அது. இரும்பு, கால்சியம், பொட்டாசியம் போன்ற சத்துகள் அதில் செறிந்து நிற்கும். கூடவே கசப்பும் செறிந்து நிற்கும்.

இது இயந்திர ஆலையின் கணக்கு. 300 ஆண்டுகளுக்கு முன் கணக்கு வேறாக இருந்தது. அந்த வேறுபாட்டில்தான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. அதைக் காண நாம் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிக் கரீபியன் தீவுகளுக்குச் செல்ல வேண்டும்.

கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில், 1493ஆம் ஆண்டில், கரும்பை அந்தத் தீவுகளுக்குக் கொண்டு சென்றார். 1640களில் ஆங்கிலேயர் பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டங்களைப் பெருக்கினர். பின்னர் ஜமைக்காவிலும், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த செயின்ட் டொமிங்கிலும் கரும்பே ஆட்சி செய்தது. கரும்பு வெட்டவும் ஆலையோட்டவும் ஆட்கள் வேண்டுமே? ஆப்பிரிக்காவிலிருந்து மக்களை விலங்கிட்டுக் கொண்டு வந்தார்கள். அடிமை வணிகம் நடந்த நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் ஆப்பிரிக்கர் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் ஏறக்குறைய 18 லட்சம் பேர் கரை காணாமலே கடலில் மாண்டனர் என்பது வரலாற்றறிஞர்களின் கணக்கு. உயிரோடு கரை சேர்ந்தவர்களில் மிகப் பெரும் பகுதியினர் கரும்புத் தோட்டங்களுக்கே அனுப்பப்பட்டனர்.

வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் சாறு புளித்துவிடும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடியது. கரும்பை உருளைகளுக்கிடையே கையால் தள்ள வேண்டும். தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் கையே உள்ளே இழுக்கப்படும். கையை வெட்டி ஆளைக் காப்பாற்றுவதற்காக உருளைக்குப் பக்கத்திலேயே ஒரு கோடரியை வைத்திருந்தார்கள் என்று அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பிழிந்த சாறு காய்ச்சும் கூடத்துக்குப் போகும். அங்கே வரிசையாகச் செப்புக் கொப்பரைகள் இருக்கும். பெரியதிலிருந்து சிறியதற்கு, அதிலிருந்து அதைவிடச் சிறியதற்கு என்று கொதிக்கும் பாகை அகப்பையால் மாற்றிக்கொண்டே வருவார்கள். கடைசிக் கொப்பரையில் நிற்பவர் பாகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தொட்டு இழுத்துப் பார்ப்பார். கம்பி எந்த நீளத்தில் அறுகிறது என்று கண்டு பதம் சொல்வார். இந்தத் தேர்ச்சி மிக்க தொழிலைச் செய்தவரும் ஓர் அடிமைதான். ஆலை முதலாளியின் ஆண்டு வருமானமே அவர் விரல்நுனியில் இருந்தது. அவருக்கோ கூலி இல்லை. 'கரும்பு தின்னக் கூலியா?' என்று நாம் வேடிக்கையாகச் சொல்கிறோம். கரும்பை விளைவித்தும் கூலி பெறாத மக்கள் இவர்கள்.

பதம் வந்த பாகை அடியில் துளையிட்ட மண் கூம்புகளிலோ மரப் பீப்பாய்களிலோ ஊற்றி வைப்பார்கள். வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கரும்பாகு வடியும். உள்ளே பழுப்புச் சீனி நிற்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பழைய முறையில் சீனியை முழுதாகப் பிரிக்க முடியவில்லை. ஆகவே வடிந்த பாகிலேயே நிறைய இனிப்பு தங்கியிருந்தது. அக்காலத்து மொலாசஸ் என்பது உண்ணத்தக்க இனிய பாகு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்குத் தேவைப்படும்.

சீனி ஐரோப்பாவுக்குப் போயிற்று. பாகு என்னவாயிற்று? ஒரு பகுதியை அந்தத் தீவுகளிலேயே ரம் என்னும் சாராயமாக வடித்தார்கள். பெரும் பகுதி வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட் குடியேற்றங்களுக்குப் போனது. அங்கும் அதை ரம் ஆக்கினார்கள். அந்த ரம்மில் ஒரு பகுதியை ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து மேலும் அடிமைகளை வாங்கினார்கள். அடிமை காய்ச்சிய பாகே அடுத்த அடிமைக்கு விலையாயிற்று.

பிரான்ஸ் தன் நாட்டுத் திராட்சைச் சாராயத்தைக் காப்பதற்காகத் தன் தீவுகளின் ரம்மைத் தடுத்துவந்தது. இதனால் பிரெஞ்சுத் தீவுகளில் கரும்பாகு மலிவாகக் கிடைத்தது. அமெரிக்க வணிகர் அங்கேயே வாங்கினர். ஆங்கிலத் தீவுகளின் தோட்ட முதலாளிகள் லண்டனில் முறையிட்டனர். 1733இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் மொலாசஸ் சட்டத்தை இயற்றி, அந்நியர் தீவுகளிலிருந்து வரும் பாகுக்குக் கேலனுக்கு 6 பென்ஸ் வரி விதித்தது. வணிகர்கள் வரி கட்டவில்லை; கள்ளத்தனமாகக் கொண்டுவந்தார்கள். 1764இல் சீனிச் சட்டம் வந்தது. வரி 3 பென்ஸாகக் குறைந்தது. ஆனால் இம்முறை கண்டிப்பாக வசூலிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்கரின் கோபம் வளர்ந்த வழியில் இதுவும் ஒரு படி. 1776இல் அவர்கள் விடுதலைப் பிரகடனம் செய்தனர். தம் நாட்டு விடுதலையில் மொலாசஸுக்கும் பங்குண்டு என்று, பின்னாளில் அந்நாட்டின் இரண்டாம் அதிபராக இருந்த ஜான் ஆடம்ஸ் தம் முதுமையில் எழுதினார். ஆனால் அந்த விடுதலை, பாகு காய்ச்சியவர்களுக்கு வரவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறி, 1834 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. நட்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. அடிமைப்பட்டிருந்தவருக்கு ஒரு பென்னி கூட இல்லை. முன்னாள் அடிமைகளோ 'பயிற்சியாளர்' என்ற பெயரில் 1838 வரை பழைய தோட்டங்களிலேயே கட்டுண்டு கிடந்தனர்.

நேயர்களே, இந்த இடத்தில்தான் நம்மவர் கதையும் வந்து சேர்கிறது. அடிமைகள் போனபின் கரும்பு வெட்ட யார்? முதலாளிகளின் பார்வை இந்தியாவின்மேல் விழுந்தது. 1834 முதல் மொரீஷியஸுக்கும், 1838 முதல் கயானாவுக்கும் நம் நாட்டவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். 1860 நவம்பர் 16இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து முதல் தொகுதி ஆட்களை நேட்டாலின் டர்பன் துறைமுகத்தில் இறக்கியது. அவர்களும் போனது கரும்புக்காகத்தான்.

மலாயாவிலும் அப்படியே. தமிழர் இங்கே முதலில் பால்மரம் வெட்டவே வந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கும் முன்னால், 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, புரொவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களில் நம்மவர் சஞ்சிக்கூலிகளாக இருந்தனர். அந்த நிலப்பகுதிதான் இன்றைய செபராங் பிறை. பத்து காவான், நிபோங் திபாலுக்குப் பக்கத்திலுள்ள கலிடோனியா ஆகியவை அக்காலத்துக் கரும்பு மண். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏற, கரும்பை அழித்துப் பால்மரம் நட்டார்கள். சஞ்சிக்கூலிக்கு ஆள் எடுப்பது மலாயாவில் 1910இல் நின்றது. அடிமைமுறை வேறு, சஞ்சிமுறை வேறு. இரண்டையும் ஒன்றென்று சொல்வது ஆப்பிரிக்கர் பட்ட துயரத்தைக் குறைத்துச் சொல்வதாகும். ஆனாலும் இரண்டும் ஒரே ஆலையின் வாசலில் வந்து நின்றவை.

இனி மறுபடியும் அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே அடிமைமுறை 1865 வரை நீடித்தது. இதற்கிடையில் ஆலையில் ஒரு பெரும் மாற்றம் நடந்தது. 1813இல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஹவர்ட் என்பவர் காற்றை வெளியேற்றி மூடிய பாத்திரத்தில் பாகு காய்ச்சும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். காற்றழுத்தம் குறைந்தால் குறைந்த சூட்டிலேயே பாகு கொதிக்கும், சீனி கருகாது. இதை மேலும் வளர்த்தவர் நார்பர்ட் ரில்லியூ. லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1806இல், வெள்ளைத் தந்தைக்கும் கறுப்பின வழிவந்த தாய்க்கும் பிறந்தவர், பாரிஸில் படித்தவர். ஒரு பாத்திரத்தில் எழும் நீராவியைக் கொண்டே அடுத்த பாத்திரத்தைச் சூடாக்கும் இயந்திரத்துக்கு 1843இல் காப்புரிமை பெற்றார். கொதிக்கும் பாகை அகப்பையால் அள்ளி மாற்றும் கொடிய வேலையும் அதனால் குறைந்தது. பிறகு, பாகையும் படிகத்தையும் வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரமும் வந்தது.

இதன் விளைவு என்ன? முன்பு பாகில் தங்கிய இனிப்பையும் ஆலை பிழிந்தெடுக்கத் தொடங்கியது. மிஞ்சிய பாகு மேலும் கறுத்தது, மேலும் கசந்தது. அந்தக் கடைசிப் பாகு மாட்டுத்தீவனத்துக்கும் எரிசாராயம் வடிப்பதற்கும் போயிற்று. எரிசாராயத்துக்காகப் பாஸ்டன் நகரில் மொலாசஸ் தேக்கி வைத்த 50 அடி உயரத் தொட்டி ஒன்று, 1919 ஜனவரி 15இல் வெடித்தது. 23 லட்சம் கேலன் பாகு தெருவில் அலையாகப் பாய்ந்து 21 பேரைக் கொன்றது. தொட்டி முன்பே கசிந்துகொண்டிருந்தது. பழுது பார்ப்பதற்குப் பதில், கசிவு தெரியாதிருக்கப் பழுப்புச் சாயம் பூசியிருந்தார்கள்.

தென் மாநிலங்களில் அடிமைகளுக்கு அளந்து கொடுத்த உணவு சோளமாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியுமே. சில தோட்டங்களில் அதனுடன் கொஞ்சம் கரும்பாகும் உண்டு. விடுதலைக்குப் பின்னும் குத்தகைக் கடனில் சிக்கிய ஏழைகளுக்கு, கறுப்பரானாலும் வெள்ளையரானாலும், அதே உணவுதான். மாவு, மாமிசம், மொலாசஸ். நம் மொழியில் சொன்னாலும் மூன்றும் 'ம' என்ற எழுத்திலேயே தொடங்குகின்றன. இந்த மூன்றை மட்டுமே உண்டு வந்ததால் 'பெலாக்ரா' என்னும் நோய் பரவி, தோல் வெடித்துப் பல்லாயிரவர் மாண்டனர். அது தொற்றுநோயல்ல, உணவுக் குறையே என்று 1914 முதல் ஆராய்ந்து காட்டியவர் டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர். குறையாக இருந்த சத்து நியாசின் என்பது 1937இல் தெளிவாயிற்று.

அதே மக்களின் கைப்பக்குவம்தான் பார்பிக்யூ. 'பார்பகோவா' என்பது கரீபியன் தீவுகளின் பழங்குடியினரான தாய்னோ மக்களின் சொல். தீயின்மேல் குச்சிகளால் கட்டிய பரண் என்பது அதன் பொருள். தென் மாநிலத் துரைமார் விருந்துகளில் குழி வெட்டி, கரி மூட்டி, இரவு முழுவதும் கண்விழித்து இறைச்சியைப் பதமாக வாட்டியவர்கள் அடிமைகளே. அன்றைய சாறு வெறும் வினிகர், உப்பு, மிளகாய். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் இன்றும் ஏறக்குறைய அப்படியே செய்கிறார்கள்.

விடுதலைக்குப் பின் கறுப்பினத் தொழிலாளர் நகரங்களை நாடிச் சென்றனர். டென்னசி மாநிலத்திலிருந்து கன்சாஸ் சிட்டி நகருக்கு வந்த ஹென்றி பெர்ரி, 1908 அளவில் அங்கே வாட்டிய இறைச்சியைச் செய்தித்தாளில் சுற்றி விற்கத் தொடங்கினார். அவர் சாஸ் நாக்கைச் சுடும் காரம். அவர் வழிவந்த கடையை 1946இல் ஏற்ற ஆர்தர் பிரையன்ட் அந்தக் காரத்தைத் தணித்தார். 1977இல் அதே நகரின் டாக்டர் ரிச் டேவிஸ், தக்காளியும் மொலாசஸும் சேர்ந்த கெட்டியான இனிப்புச் சாஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உலகெங்கும் பார்பிக்யூ சாஸ் என்றால் இன்று நினைவுக்கு வருவது இந்த வகையே.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். எந்தப் பாகை வாங்குவது?

பழைய அமெரிக்கச் சமையல்காரர் 'மொலாசஸ்' என்று சொன்னபோது, இனிப்பு மிஞ்சிய பாகையே சொன்னார். இன்று அதற்கு நெருக்கமானவை முதல் பாகும் இரண்டாம் பாகும்தான். கோழிக்கும் மீனுக்கும் இளநிறப் பாகு போதும். ஆட்டிறைச்சிபோல் மணம் மிகுந்தவற்றுக்குக் கருநிறப் பாகு ஏற்றது. பிளாக்ஸ்ட்ராப்பை மட்டும் ஊற்றிச் செய்தால் சாஸ் கசக்கும். நிறமும் ஆழமும் வேண்டுமானால், மூன்று பங்கு இளநிறப் பாகுக்கு ஒரு பங்குக்கு மேற்படாமல் அதைக் கலக்கலாம்.

சீட்டில் 'கந்தகம் சேர்க்காதது' என்று இருந்தால் நல்லது. முற்றாத கரும்பின் சாறு கெடாதிருக்கக் கந்தகம் சேர்ப்பதுண்டு. அது சுவையில் தெரியும். தீவனக் கடையில் பீப்பாயில் விற்கும் மொலாசஸ் மலிவாக இருக்கும். அது மாட்டுக்கு உரியது, சமையலுக்கு வாங்காதீர்கள்.

செய்முறை எளிது. ஒரு கப் தக்காளி சாஸ், கால் கப் மொலாசஸ், கால் கப் வினிகர், அரைத்த வெங்காயம், பூண்டு, சிறிது கடுகுத்தூள், மிளகாய்த்தூள், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, சிறு தீயில் 15 முதல் 20 நிமிடம் கிளறிக் காய்ச்சுங்கள். இறைச்சி முக்கால் பங்கு வெந்தபின்பே மேலே பூசுங்கள். முன்னதாகப் பூசினால் இனிப்புக் கருகிவிடும். சாத்தே வாட்டிப் பழகிய கைகளுக்கு இது தெரிந்ததே.

மொலாசஸ் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். 'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பார்கள். நமக்கோ அந்தக் குறையும் இல்லை. நல்ல கரிய வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி, கெட்டியாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். வெல்லத்தில் பாகைப் பிரிப்பதில்லை என்று முன்பே சொன்னேன் அல்லவா? ஆகவே கரும்பாகின் மணமும் அதற்குள்ளேயே இருக்கிறது. எதை ஊற்றினாலும் இனிப்பு இனிப்புத்தான். நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு தொட்டுக்கொள்ள வேண்டும்.

சீனியின் வரலாற்றை எழுதியவர்கள் நெடுங்காலம் அதன் வெண்மையைப் பற்றியும் விலையைப் பற்றியுமே எழுதினார்கள். அதைக் காய்ச்சியவர்களின் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் சீனி போனபின் மிஞ்சியதையும் உணவாக்கி, உப்பும் காரமும் வாட்டும் பக்குவமும் அறிந்து, பிறகு உலகமே விரும்பும் ஒரு சுவைக்கு வழிவிட்டவர்கள் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். அடுத்த முறை உங்கள் பிள்ளைகள் கரியடுப்பு மூட்டும்போது, போத்தலில் இருப்பது எத்தனையாவது பாகு என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அது யார் காய்ச்சிய பாகு என்பதையும் கூடவே சொல்லிக் கொடுங்கள்.